தர்ட்டி-ஃபார்ட்டி

சுல்தான் பீவி கணவர் அப்துல் லத்தீப்பின் உதட்டில் மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, காதோரம் குனிந்து 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்று கலிமாவைச் சொன்னாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "தர்ட்டி-ஃபார்ட்டி" என்றார்.

"யா அல்லா! போற நேரத்துலயும் இந்தப் பந்து இவங்கள வுட மாட்டேங்குதே!"

மகள் சாதிகாவுக்கு அழுகையோடு சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. சொர்க்கம் கிடைக்கக் கடைசி வார்த்தை கலிமாவாக இருக்க வேண்டும். அம்மாவுக்குக் காலையிலிருந்து அது ஒன்றுதான் கவலை. அப்துல் லத்தீப்போ வேறெங்கோ ஆடிக்கொண்டிருந்தார்.

எங்கே என்று சாதிகாவுக்குத் தெரியும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டே தலை நரைக்கும்வரை டென்னிஸ் ஆடியவர் அத்தா. ரயில்வே மைதானத்தில் உடைந்த ஜாடிகளை இடித்துத் தூளாக்கி அவரே தளம் போட்டார். ஜில்லாக் கோப்பைகள் பரணில் கிடக்கின்றன. அறுபத்து மூன்றாம் வருஷம் மெட்ராஸில் ஓர் இறுதி ஆட்டம். தர்ட்டி-ஃபார்ட்டி; இவருக்கு முப்பது, எதிராளிக்கு நாற்பது. அந்தப் பாயிண்ட் போனால் ஆட்டமே போச்சு. அவர் அடித்த பந்து உள்ளேதான் விழுந்தது என்று நடுவரே சொல்லிவிட்டார். இந்த மனுஷன் கையைத் தூக்கி, "இல்லீங்க, வெளிய" என்றார். கோப்பை போயிற்று. பிழைக்கத் தெரியாத ஆள் என்று ஊரே சிரித்தது. எழுபத்து நாலு வயசாகியும் அவருக்கு அந்த ஆட்டம் முடியவில்லை.

"நான் கை கால் முகம் கழுவி ஒளு செஞ்சிட்டு வந்துடறேன். நீ சொல்லிக்கிட்டே இருடி. எப்படியாச்சும் வாயில வர வச்சுடு" என்று சொல்லிவிட்டு அம்மா கிணற்றடிக்குப் போனாள்.

மதிய வெயில் ஜன்னல் வழியே இறங்கிக் கட்டிலில் கிடந்தது. எங்கிருந்தோ சூளைப் புகை வாசனை. போர்வைக்கு மேல் அத்தாவின் வலது கை மெல்ல அசைந்தது. சரியாகத் தூங்கிப் பல நாளாகிவிட்ட சாதிகாவுக்குத் தலை கிறங்கியது. சுவர்கள் விலகி விலகிப் போய், அறை மைதானம்போல அகலமாகிக்கொண்டே வந்தது. தரையெல்லாம் ஜாடித் தூள். அதில் அத்தா வெள்ளைச் சட்டையோடு நின்றார், நரையே இல்லாமல்.

ஆட்டம் முடிந்தால்தான் கலிமா வரும் என்று அவளுக்குப் பட்டது. குனிந்தாள்.

"உள்ளதான் வுழுந்துச்சு அத்தா. நான் பாத்தேன்."

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு. "இல்லம்மா. வெளிய."

"வுடுங்களேன் அத்தா! அவங்களே உள்ளன்னுட்டாங்க."

"வெளியதாம்மா."

அவர் கை நீண்டது. சாதிகா பிடித்துக்கொண்டாள். யாருடைய கை என்று நினைத்தாரோ, "நல்லா ஆடினீங்க சார்" என்றார்.

அவள் அவசரமாகக் கலிமாவைச் சொன்னாள். மறுபடி சொன்னாள். கெஞ்சினாள். அவர் உதடு அசையவில்லை. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

ஈர முகத்தோடு அம்மா வாசற்படியில் நின்றாள். கட்டிலைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அழக்கூட இல்லை; சாதிகாவின் வாயையே பார்த்தாள்.

"சொன்னாங்களாடி?"

சாதிகா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னாங்கம்மா. தெளிவாவே சொன்னாங்க."

"எனக்குத் தெரியும்... எனக்குத் தெரியும்" என்று அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

சாதிகா அத்தாவின் கையை விடவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்க்காமல் இருந்தாள்.