கழுவற வேலை மிச்சம்

நாகரத்தினம் மேசையில் நாலு எவர்சில்வர் தட்டுகளை வைத்தாள். ஐந்தாவதாக, மளிகை அலமாரியிலிருந்து ஒரு காகிதத் தட்டை உருவி எழிலரசியின் முன்னால் வைத்தாள். ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு வாங்கி மிஞ்சிய தட்டு அது. சிவப்புக் கோடுகள், நீல ஓரம், நடுவில் வெள்ளை நட்சத்திரங்கள்.

“கழுவற வேலை மிச்சம் பாரு அம்மணி,” என்றாள்.

மற்ற நாலு தட்டையும் யார் கழுவப்போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கழுவுவதற்கு அந்த வீட்டில் மெஷின் இருந்தது. மகன் ஜெயபிரகாஷ் போனில் எதையோ தீவிரமாகப் படித்தான். மருமகள் பிரீத்தி தட்டைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், அப்பளம் எடுக்கப் போய்விட்டாள். பெரியவர் நஞ்சப்பன் கண்ணை மூடிக்கொண்டு அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

குழம்பு வரைக்கும் காகிதத் தட்டு தாங்கியது. ரசத்துக்குத் தாங்கவில்லை. எழிலரசி இடக்கையை அடியில் கொடுத்து, தட்டை ஏந்திக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள்.

நஞ்சப்பனுக்கு அமெரிக்காவின் மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கிரீன் கார்டை வைத்துக்கொண்டு ஊரில் போய் நீளமாக உட்கார்ந்தால் கார்டு போய்விடும். குடியுரிமை வாங்கிவிட்டால் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தோப்பிலேயே கிடக்கலாம். அமெரிக்காவில் இல்லாமல் இருப்பதற்காக அவர் அமெரிக்கர் ஆக வேண்டியிருந்தது.

முதல் இன்டர்வியூவில் ஆபீசரைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. ஜெயபிரகாஷ் ஆபீசில் வேலை செய்யும் எழிலரசி, அவர்கள் குடியிருக்கும் பார்சிப்பனி ஊர் லைப்ரரியில் இந்தப் பரீட்சைக்குச் சும்மாவே சொல்லிக்கொடுப்பவள். அவன் கேட்டான். வீட்டுக்கே வருகிறேன் என்றாள்.

முதல் சனிக்கிழமை அவளுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே நாகரத்தினம் தன்னுடைய இன்டர்வியூவை ஆரம்பித்தாள்.

“எந்த ஊரு அம்மணி நீயி?”

“பெருந்துறை பக்கம் ஆன்ட்டி.”

“அட, நம்ம பக்கந்தான். அப்பா பேரென்ன? நீங்க எந்தக் கூட்டம், எந்தக் குலம்?”

“எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க ஆன்ட்டி. எங்க தெரு ஊருக்குள்ள இல்ல. ஊரைத் தாண்டி, கிழக்கால.”

நாகரத்தினம் நன்றாகவே சிரித்தாள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து காபி காகிதக் கப்பில் வந்தது, சோறு காகிதத் தட்டில் வந்தது. பழைய டம்ளர் குப்பைக்குப் போயிருந்தது. சர்க்கார் பரீட்சையில் தவறினால் மறுபடி ஒரு தடவை கூப்பிடுவார்கள். நாகரத்தினத்தின் பரீட்சையில் அந்த வழக்கம் இல்லை.

எழிலரசிக்குப் புரியாமல் என்ன? ஊர் டீக்கடையில் அவளுடைய அப்பாவுக்குத் தனி டம்ளர். பிறகு ஊரே முன்னேறி, பிளாஸ்டிக் கப் ஆயிற்று. அந்த டம்ளருக்கு எட்டாத தூரத்துக்குப் போக வேண்டும் என்றுதான் அவள் படித்தாள், வேலை வாங்கினாள், விமானம் ஏறினாள். அது அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்து, ஜூலை நாலு டிசைனில் காத்திருந்தது. கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பாதியில் நின்றால் பெரியவர் தோற்றுப்போவார். தொடர்ந்தால் வாராவாரம் இவள் தோற்க வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு வந்து பாடத்தை எடுத்தாள்.

“அங்கிள், சுதந்திரப் பிரகடனத்துல இருக்கற முக்கியமான ஐடியா ரெண்டு சொல்லுங்க.”

“ஈக்குவாலிட்டி. லிபர்ட்டி,” என்றார் நஞ்சப்பன், தடங்கலே இல்லாமல். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏன் அம்மணி, மனுசரெல்லாம் சமம்னு அந்தப் பிரகடனத்துல எழுதினாரே ஒருத்தரு, அவரு வீட்லயே அடிமைங்க இருந்தாங்களாமா? யூடியூப்ல பாத்தேன்.”

“ஆமாங்க அங்கிள். இருந்தாங்க.”

“அப்பறம் என்ன. அத்தனை பெரிய மனுசருக்கே அப்படித்தான்.” அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“எழுதினவரு வீட்ல நடக்கலைங்க. ஆனா எழுதினது அவரு வீட்டோட நிக்கல. அவருக்குச் சமைச்சுப் போட்டவங்களோட பிள்ளைங்க அதே காகிதத்தை எடுத்துட்டு வந்து, சமம்னு நீங்கதான எழுதினீங்க, எங்க பங்கு எங்கன்னு கேட்டாங்க. அப்பறந்தான் சட்டத்தைத் திருத்தி அமெண்ட்மென்ட்.”

“கேக்காம யாரும் குடுக்கலையா?”

“இதுவரைக்கும் இல்லீங்க அங்கிள்.”

இதைக் கேட்டபடி சமையலறை வாசலில் பிரீத்தி கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

கார் வரைக்கும் ஜெயபிரகாஷ் கூட வந்தான்.

“எழில், தப்பா எடுத்துக்காத. அம்மா ஓல்ட் ஜெனரேஷன். நான் அதெல்லாம் பாக்கறதே இல்ல, உனக்கே தெரியும்.”

“தெரியும் ஜேபி. மூணு வாரமா என் தட்டை நீ பாக்கவே இல்ல,” என்று சொல்லிவிட்டு எழிலரசி காரை எடுத்தாள். அவன் டிரைவ்வேயில் நின்று போனைப் பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை.

நஞ்சப்பன் பாஸ் பண்ணிவிட்டார். சில வாரங்கள் கழித்து நெவார்க்கில் கையைத் தூக்கிப் பிரமாணமும் எடுத்தார். கையகலக் கொடி ஒன்று கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “மொதல்ல அந்த அம்மணிக்குப் போனப் போடு, சாப்பாட்டுக்குக் கூப்பிடு,” என்றார். உண்மையான நன்றிதான் அது. தட்டு அவருடைய இலாகா இல்லை.

எழிலரசி வந்தாள். நாகரத்தினம் பாயசம் வைத்திருந்தாள், வடை சுட்டிருந்தாள். நாலு எவர்சில்வர் தட்டு, ஒரு நட்சத்திரத் தட்டு.

எழிலரசி காகிதத் தட்டை மெதுவாக ஓரம் தள்ளினாள். கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். ஊர்க்காரர்கள் எல்லோரும் வாங்கும் அதே இந்தியக் கடையில் வாங்கியது. அதே விளிம்பு, அதே கனம், அதே பளபளப்பு.

“எதுக்கு அம்மணி சிரமம்?” நாகரத்தினத்தின் முகம் மாறிவிட்டது.

“கழுவறது எனக்கு ஒண்ணும் சிரமமில்லீங்க ஆன்ட்டி. சோறு போடுங்க.”

கரண்டி கொஞ்ச நேரம் பாத்திரத்திலேயே நின்றது. நஞ்சப்பன் சட்டைப் பைக் கொடியைச் சரிசெய்தார். கடைசியில் பிரீத்தி எழுந்து, மாமியார் கையிலிருந்த கரண்டியை வாங்கிப் பரிமாறினாள். எழிலரசி ரசத்தை இரண்டு தடவை ஊற்றச் சொன்னாள். ஒரு சொட்டுக்கூட எங்கேயும் போகவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஐந்து தட்டுகளையும் அவளே எடுத்துப்போய்க் கையால் கழுவினாள். பிரீத்தி பக்கத்தில் நின்று துடைத்து, அலமாரியில் மற்ற தட்டுகளோடு சேர்த்து அடுக்கினாள். நாகரத்தினம் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

“என்னோடது இங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி. அடுத்து நீங்க அப்ளை பண்ணணுமே. நான் வருவேன்,” என்று சொல்லி எழிலரசி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து சாப்பாட்டு நேரம் வந்ததும் நாகரத்தினம் அலமாரித் தட்டுகளை எல்லாம் கீழே இறக்கினாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கோபிசெட்டிபாளையத்து வீட்டில் கரண்டி முதற்கொண்டு பெயர் வெட்டியிருக்கும். பார்சிப்பனியில் பெயர் வெட்ட ஆள் கிடையாது. எண்ணிப் பார்த்தாள். வாங்கியது ஒரு டஜன், இப்போது பதின்மூன்று.

“என்னத்தப் பாத்துட்டு நிக்கற? பசிக்குது,” என்றார் நஞ்சப்பன்.

“இதுல எது அவளுதுன்னு தெரியலைங்க.”

“எதுல போட்டா என்ன, போடு.” கொள்கை என்று ஒன்றும் இல்லை, பசிதான்.

“பிரீத்தி, நீதான தொடச்சு அடுக்கின? எதுன்னு சொல்லு.”

“தெரியல அத்தை. எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு.”

பிரீத்திக்குத் தெரியும். ஒரு தட்டின் அடியில் விலைச்சீட்டுப் பசை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தவளே அவள்தான்.

மூன்று பேருக்கும் எவர்சில்வர் தட்டில் சோறு விழுந்தது. நாகரத்தினம் மளிகை அலமாரிக்குப் போனாள். ஒரு நட்சத்திரத் தட்டை உருவிக்கொண்டு வந்து, தன் முன்னாலேயே வைத்துக்கொண்டாள்.

“கழுவற வேலை மிச்சம்,” என்றார் நஞ்சப்பன்.

குழம்பு வரைக்கும் தட்டு தாங்கியது. ரசம் ஊற்றியதும் நாகரத்தினம் இடக்கையை அடியில் கொடுத்து ஏந்திக்கொண்டாள்.