இழுவையில் சாய்ந்த கோடு

மாமா வீட்டில் தங்கி, மாமாவின் ஆய்வகத்திலேயே அவள் முனைவர் பட்டத்துக்கு வேலை பார்த்தாள். வீட்டில் ‘மாமா’, ஆய்வகத்தில் ‘சார்’. சில நாள் வாய் குழறி, சாப்பாடு பரிமாறும்போது “சார், இன்னும் கொஞ்சம்?” என்று கேட்டுவிடுவாள். அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். மாமா சிரிக்க மாட்டார்.

அவர் பேர் வாங்கியது ஒரு கம்பியால். தலைமுடியைவிட மெல்லிய உலோகக் கம்பி, மேலே கண்ணாடிப் பூச்சு. உள்ளே அணுக்களும் கண்ணாடியில் இருப்பதுபோல ஒழுங்கில்லாமல் கிடக்கும். மின்சுருளுக்குள் வைத்துக் காந்தப்புலத்தை மாற்றினால், கம்பியின் காந்தத் திசை ஒரே தாவலில் புரண்டுவிடும். திரையில் அது செங்குத்தான படியாகத் தெரியும். கம்பியை இழுக்க இழுக்கப் படி இன்னும் கூர்மையாகும் என்று மாமா எழுதியிருந்தார்.

அவள் கம்பியின் மேல்முனையைப் பிடியில் இறுக்கி, கீழ்நுனியில் எடையைத் தொங்கவிட்டாள். படி சரிந்து, சாய்ந்த கோடாகிவிட்டது.

“பிடி வழுக்கியிருக்கும். மறுபடி எடு,” என்றார் மாமா.

எடுத்தாள். புதுக் கம்பி, புதுப் பிடி. அப்போதும் சாய்வுதான். கடைசியில் அவரே வந்து தன் கையால் எடையை மாட்டினார். திரையையே வெகுநேரம் பார்த்தார்.

“இந்தக் கம்பி சரியில்ல. தூக்கிப் போடு.”

“எல்லாக் கம்பியும் இப்படித்தான் வருது சார்.”

“வீட்டுக்குப் போலாம். அத்தை காத்திட்டிருப்பா.”

அவர் காரிலேயே வீடு வந்தாள். அறைக்குள் போய் அழக்கூட முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது. அம்மாவுக்குப் போன் போட்டாள். “என் தம்பி உனக்குக் கெடுதல் செய்வானா? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு,” என்றாள் அம்மா. வேறு எந்த ஆய்வகத்துக்குப் போவதென்றாலும், வழிகாட்டி என்ற முறையில் மாமாவின் கையெழுத்து வேண்டும்.

கருத்தரங்கு ஒன்றில் மாமா அவளையே பேச வைத்தார். அவள் காட்டிய வரைபடங்கள் எல்லாம் அவருடைய பழைய அளவுகள். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து கேட்டார்: “இதெல்லாம் நீங்க எடுத்த அளவுகளா?”

முன்வரிசையில் மாமா, ஆமாம் என்று சொல்லச் சொல்வதுபோல லேசாகத் தலையசைத்தார்.

“இல்லைங்க. நான் இழுத்துப் பார்த்ததுல படி சாய்ஞ்சுடுது. ஏன்னு இன்னும் தெரியல.”

“அப்போ அதைத்தானே பார்க்கணும்,” என்றார் கேட்டவர். மாமா குனிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போதும் அவர் காரில்தான் ஏற வேண்டியிருந்தது. பாதி வழியில் அத்தை போனில் கூப்பிட்டாள். “பொண்ணு எப்படிப் பேசினா?”

“தைரியமாப் பேசினா,” என்றார் மாமா.

பாராட்டா, கோபமா, அவளுக்குப் பிடிபடவில்லை. வீடு வர இன்னும் நிறைய தூரம் இருந்தது.