இன்னாசியின் மயில் மனு

உலகத் தமிழர்களுக்கும் ஆங்கிலம் பேசும் அத்தனை தேசத்தாருக்கும் இதன் மூலம் அறிவிக்கப்படுவது என்னவென்றால், பல நூற்றாண்டுகளாக இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் சொந்தச் சரக்கு என்று வாயில் வைத்திருந்த 'பீக்காக்' என்னும் சொல் அவர்களுடையதே அல்ல. அது நம்முடைய 'தோகை'. இந்த மாபெரும் உண்மை பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, ஆவூருக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாடி வீட்டு போர்ட்டிகோவில், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் வெற்றிசெல்வனால் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடி வெளியிடப்பட்டது. விழாவுக்கு வந்திருந்தவர் ஒரே ஒருவர். பெயர் இன்னாசி. அவரும் வேறு வேலையாக வந்தவர்.

இன்னாசிக்கு முக்கால் ஏக்கரில் கடலை. இன்னும் இருபது நாளில் பிடுங்கலாம். அதற்குள் விராலிமலைப் பக்கமிருந்து பெருகி வந்த மயில்கள், நாளைக்கு நாற்பது உருப்படிக்குக் குறையாமல், விடிந்ததும் இறங்கிச் செடியைக் கிளறிப் பிஞ்சைத் தின்றன. அடித்தால் ஜெயில். மனைவி ஞானசெல்வியின் பழைய சேலைகள் ஒன்பதை வயலைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். இரண்டு நாள் மயில்கள் சேலையைப் பார்த்து மிரண்டன. மூன்றாம் நாள் அதைக் கட்டியிருந்த குச்சிகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. போன இரண்டு போகமும் இப்படியே போயிற்று. இதுவும் போனால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போக வேண்டியதுதான் என்று ஞானசெல்வி தன் அண்ணனிடம் பேசியே வைத்திருந்தாள்.

பக்கத்து வயல்காரர் நல்லதம்பிக்கும் அதே கதிதான். ஆனால் அவர் முருக பக்தர், வாகனத்தின் மேல் கல்லெறிய மாட்டார். வரப்பில் நின்று கை கூப்பி, "போங்க சாமி, அங்கிட்டுப் போங்க சாமி" என்று மரியாதையாக விரட்டுவார். அங்கிட்டு என்பது இன்னாசியின் வயல். கேட்டால், "நீங்க வேதக்காரங்க மச்சான், ஒங்களுக்கு வெரட்டுனாலும் பாவமில்ல. எனக்கு அப்படியா?" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மயில்கள் வரப்பைத் தாண்டியிருக்கும்.

மயில்களைப் பிடித்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் வயலை மூட ஒரு வலையாவது கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் இதைத்தான் கேட்க வேண்டும். நாலு வரி. அதை ஒன்பதாவது படிக்கும் மகள் ஜாஸ்பினே தமிழில் எழுதிவிடுவாள். ஆனால் அந்தப் பக்கத்தில் விவரம் தெரிந்த யாரும் தமிழில் மனு எழுத மாட்டார்கள். தமிழில் எழுதினால் படித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இங்கிலீஷில் எழுதினால் என்ன எழுதியிருக்கிறதோ என்ற பயத்தில் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்பது ஊரின் அனுபவ ஞானம். அப்படிப்பட்ட மனுக்களை எழுத வெற்றிசெல்வன் ஒருவர்தான். முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் நடத்திய மனிதர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஆங்கிலம் என்று ஒரு மொழியே கிடையாது, எல்லாம் தமிழ்தான் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இன்னாசி மயில் என்று ஆரம்பித்ததுமே சாருடைய கண் மின்னியது. கடலை வரை அவர் காத்திருக்கவில்லை. பீக்காக்கில் இரண்டு பாகம் இருக்கிறது, பின்பாகம் சேவல், சரி, முன்பாகம் என்ன என்றார். இன்னாசிக்கு ஜாஸ்பினின் பழைய படப் புத்தகம் ஞாபகம் வந்தது. "பட்டாணிங்களா சார்?" என்றார். சார் பரிதாபமாகச் சிரித்தார். பட்டாணியும் இல்லை, கொட்டையும் இல்லையாம். பழைய ஆங்கிலத்துக்கு அது லத்தீன் 'பாவோ'விலிருந்து வந்ததாம். பாவோ கிரேக்கத்துத் 'தாவோஸ்' பக்கத்துச் சொந்தமாம். தாவோஸ் கிழக்கே எபிரேயத்துத் 'துக்கி'யிடம் வாங்கியதாம். துக்கி எங்கே போய் வாங்கியது? சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அந்தக் காலத்து யூத ராஜா ஒருவர் கப்பல் கப்பலாக மயில் வாங்கினாரே, அது நம் கரையில்தானே என்றார். படித்தவர்கள் சிலர் 'இருக்கலாம்' என்று சொல்லி வைத்ததை சார் 'ஆகவே' என்று ஆக்கிவிட்டார். இன்னாசி கப்பலோடு நின்றுவிட்டார். அந்த ராஜா இப்போது ஒரு கப்பல் அனுப்பினால் நாற்பது உருப்படியை இன்றைக்கே ஏற்றிவிடலாமே என்று தோன்றியது. கேட்கவில்லை. சார் எழுதத் தொடங்கியிருந்தார்.

மூன்று பக்கம். நீல மை, வலது பக்கம் சாய்ந்த எழுத்து. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் இன்னாசி தமிழில் போட்டார். அதிகாரி எதிரில் திக்கக் கூடாது என்று பாவோ, தாவோஸ், துக்கி, தோகை நான்கையும் ஐந்து தடவை சொல்ல வைத்துத்தான் சார் அனுப்பினார்.

சாயங்காலம் ஜாஸ்பின் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் வந்து நின்றாள்.

"அப்பா, கடலை கடைசி வரியிலதான் வருது."

"வருதுல்ல?"

"வருது. இந்தப் பறவை கடலையும் சாப்பிடும்னு வருது."

ஞானசெல்வி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "நாலு வரி தமிழ்ல எழுதி, சேர்த்துக் குத்திக் குடுங்க." இன்னாசிக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் இங்கிலீஷ் பேப்பருக்கு மேல் தமிழ்ப் பேப்பரைக் குத்தினால் கீழே உள்ளதன் மரியாதை போய்விடாதா என்றும் பட்டது. யோசித்துக்கொண்டே இருந்ததில் திங்கட்கிழமை வந்துவிட்டது.

மனு நாளில் மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா நல்ல மாதிரி. நூறு மனுவில் பட்டா, பாதை, பென்ஷன் என்றே படித்துக் களைத்திருந்தவர், இந்த மூன்று பக்கத்தைப் படிக்கப் படிக்க நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் தலை நிமிர்த்தி, தோளில் துண்டும் பாதத்தில் வயல் மண்ணுமாக நின்ற இன்னாசியைப் பார்த்தார்கள்.

"நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

எதை என்று இன்னாசிக்குப் புரியவில்லை. மயில் இறங்குவதை அவர்தான் முதலில் பார்த்தார். ஆமாங்க என்றார்.

"சரி, இப்ப நாங்க என்ன செய்யணும்ங்கிறீங்க?"

இதுதான் சமயம். வலை என்கிற சொல் தொண்டை வரை வந்தது. அதற்கு முன்னால் நான்கு சொற்கள் வரிசை கட்டி நின்றன. ஐந்து தடவை பழகிய வாய் பழகிய பாதையிலேயே போயிற்று.

"பாவோங்க. தாவோஸ், துக்கி. கடைசியில நம்ம தோகைங்க."

அந்த அம்மாவுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ஏதோ எழுதி, நம்பர் போட்ட ரசீதுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். இன்னாசி வெளியே வந்து, சீட்டில் இருந்த நம்பரை மூன்று தடவை படித்துப் பார்த்தார். வலைக்கான நம்பர் என்றுதான் நினைத்தார். நல்லதம்பியிடமும் அப்படித்தான் சொன்னார்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. மனு ஏற்கப்பட்டிருக்கிறது, வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். வலையைத் தூக்கிவர நல்லதம்பியின் டிவிஎஸ்ஸை இரவல் வாங்கிக்கொண்டு போனார். போய் நின்ற இடத்தில் தோரணம் கட்டியிருந்தது. மொழி விழா. முதல் வரிசையில் வெள்ளை வேட்டியில் வெற்றிசெல்வன், சட்டைப் பையில் ஏற்புரையோடு. மேடையில் கூப்பிட்ட பெயர், மனுவில் யார் கையெழுத்து இருந்ததோ அவர் பெயர்.

"மண்ணின் ஆய்வாளர், உழவர் இன்னாசி அவர்கள்."

சார் பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். இன்னாசியின் துண்டுக்கு மேல் பொன்னாடை விழுந்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இந்தத் தடவை அவர் உஷாராக இருந்தார். பாவோவை விட்டார், தாவோஸை விட்டார். "ஐயா, என் கடலைய மயிலு திங்குதுங்க" என்றார். அரங்கம், எவ்வளவு எளிமையான மனிதர் என்று கைதட்டத் தொடங்கியது. தட்டாதவர் ஒருவர்தான், முதல் வரிசையில். இன்னாசி அவரைப் பார்த்தார். 'நான் ஒண்ணும் செய்யல சார்' என்று சொல்ல நினைத்தார். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

ஞானசெல்வி பொன்னாடையை விரித்து, ஜரிகையைத் தடவி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "வலை?" என்றாள். இன்னாசி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் வயலுக்கு நடந்து, ஒன்பது சேலைக்குப் பக்கத்தில் பத்தாவதாக அதைக் கட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் இன்னாசி போய்ப் பார்த்தார். வெயில் பட்டு ஜரிகை தகதகவென்று மின்னியது. ஆண் மயில் ஒன்று அதற்கு நேரெதிரே வந்து நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு மெல்ல, ஒவ்வொரு கண்ணாகத் திறப்பது போல, முழுத் தோகையையும் விரித்தது. நல்லதம்பி வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கையில் எடுத்த கல்லை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னாசியும் பார்த்துக்கொண்டே நின்றார். விரித்த தோகைக்குப் பின்னால் மற்ற மயில்கள் குனிந்த தலை நிமிராமல் கிளறிக்கொண்டிருந்தன.

அந்தப் போகத்தில் கடலை அரைச் சாக்குகூடத் தேறவில்லை.