வெட்டிப் போட்ட குரல்

ஜாஸும் செவ்வியல் இசையும் மட்டும்தான் வெளியிடுவேன் என்று அடம்பிடித்து, தனி ஆளாக இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியவர் அவர். பதிவில் ஒரு தும்மல்கூட இருக்கக் கூடாது. அந்த விஷயத்தில் ஈவு இரக்கமே பார்க்க மாட்டார்.

ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் "ஒண்ணாவது டேக்", "ரெண்டாவது டேக்" என்று மைக்கில் அறிவித்தது அவர் மனைவிதான். முப்பது வருஷம். அந்த அறிவிப்புகளை எல்லாம் அவரே டேப்பிலிருந்து பிளேடால் நறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

மனைவி போய்ச் சேர்ந்த ஆறாம் மாதம் மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா குரல் ஏதாவது டேப்புல இருக்குமே, தேடிப் பாருங்களேன். உங்க பேத்திக்குக் கேக்கணுமாம்."

"அதுக்கென்ன, மலை மாதிரி குவிஞ்சு கிடக்கே!"

ஆளில்லாத வீட்டில் மூன்று வாரம் அலமாரி அலமாரியாகத் துழாவினார். பியானோ இருந்தது, சாக்ஸபோன் இருந்தது, அவள் இல்லை. வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார், பாவி மனுஷன்.

கடைசிப் பெட்டியில், வேண்டாம் என்று ஒதுக்கிய, வெட்டாத டேப் ஒன்று அகப்பட்டது. ஓடவிட்டார். நாற்காலி நகர்ந்தது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து மூச்சை இழுத்தாள். உடனே அவருடைய குரலே சீறியது: "ஷ்! வாய மூடு, டேப் ஓடுது!"

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சொன்ன பேச்சை அவள் கேட்டிருந்தாள்.

ஒலியை முழுக்கக் கூட்டி வைத்துக்கொண்டு, டேப் தீரும்வரை காத்திருந்தார்.