மட்டப்பலகை

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மட்டப்பலகை திரும்பியிருந்தது. எப்போதும் இடப்பக்கம் இருக்கும் 786 பொறித்த முனை லேத்தின் கால்மிதிப் பக்கம் இருந்தது. கூடத்தைப் பெருக்க வந்த என் மனைவி லத்தீபா பலகையைத் தூக்கி, லேத்தைத் துடைத்து, மறுபடியும் அதன்மேல் இழுத்து வைத்திருக்கிறாள்.

“பிஸ்மில்லா எண்ணக் காலுக்கு நேரா வைப்பாங்களா? இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருசமாச்சு ஒனக்கு?” என்றேன்.

“தூக்குனவளுக்குத்தான தெரியும் அது எம்புட்டு கனம்னு. இடுப்பப் பாப்பேனா, எண்ணப் பாப்பேனா?”

யுத்தம் வந்தபின் புது மிஷின் கிடைப்பதில்லை. மில் ஏலத்தில் துருவேறிக் கிடந்த இந்த லேத்தை எடுத்து வீட்டுக் கூடத்தில் போட்டு நேராக்கிக்கொண்டிருந்தேன். மட்டப்பலகை எங்கள் அத்தா தம் கையால் செதுக்கிய இரும்பு. சலவை நீலத்தை எண்ணெயில் குழைத்து அதில் தடவி, லேத்தின் படுக்கையில் வைத்துத் தேய்த்தால் மேடான இடங்களில் நீலம் ஒட்டும். அந்த இடங்களைச் சுரண்ட வேண்டும். நீலம் எங்கும் ஒரே சீராக ஒட்டும்வரை சுரண்ட வேண்டும். இரண்டு மாதம் சுரண்டினேன். நேற்றுத்தான் சீராக ஒட்டியது. கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் பேர் அந்தப் பலகையால் வந்தது.

திருப்பி வைப்பதற்காகப் பலகையில் கை வைத்தேன். ஆடியது. மூலையை விரலால் அழுத்தினேன். எதிர் மூலை எழும்பியது. தூக்கிப் பார்த்தேன். நேற்று எங்கும் ஒட்டிய நீலம் இன்று இரண்டு மூலைகளில் மட்டும் ஒட்டியிருந்தது. நேரான பலகை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே கணக்குத்தான் சொல்லும். கோணல் அத்தாவின் பலகையில்தான் இருந்தது. அந்த எண்ணுக்கு மரியாதை வைத்து நாங்கள் யாரும் அதைத் திருப்பியதே இல்லை.

ஒருவன் மட்டும் திருப்பச் சொன்னான். என் தம்பி அப்துல் அலீம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவன் சுரண்டிக் கொடுத்த ஒரு மிஷின் கோணல் என்று திரும்பி வந்தது. மில் மேஸ்திரிக்கு முன்னால், “ஒருவாட்டி பலகையத் திருப்பி வச்சுப் பாருங்கண்ணே” என்றான். “அத்தாவையே அளந்து பாக்குறியாடா?” என்று அறைந்தேன். அன்றே வீட்டை விட்டுப் போனான். அவன் நிக்காஹுக்கு நான் போகவில்லை. அவனைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம், வேலையில் பொய் செய்கிறவன் என்று சொன்னேன். என் வார்த்தையை நம்பிப் பலர் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை.

“இத வெளிய யார்கிட்டயும் சொல்லாத” என்றேன்.

லத்தீபா துணியைப் பிழிந்தாள். “நான் எதுக்குச் சொல்லப் போறேன்? பன்னெண்டு வருசமா ஊரெல்லாம் சொன்னது நீங்கதான.”

பலகையை யாரும் அறியாமல் நானே சரிசெய்து விடலாம். ஒரு மாத வேலை. அத்தாவின் பேரும் நிற்கும், என் பேரும் நிற்கும். சாயங்காலம் அஸர் தொழுகை வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு சாக்கில் சுற்றி ஜட்காவில் ஏற்றினேன்.

ஆரப்பாளையத்தில் அவன் வீட்டைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்து, “அத்தா, தாடி வச்ச ஒருத்தர் வந்திருக்காரு” என்று உள்ளே ஓடியது. என் தம்பி மகளுக்கு நான் யாரென்று தெரியவில்லை.

அவன் வந்தான். முன்தலை வழுக்கையாகிவிட்டது. சாக்கு விலகித் தெரிந்த இரும்பை முதலில் பார்த்தான், பிறகு என்னை.

“திருப்பி வச்சேன்” என்றேன்.

“யாரு, நீங்களா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. “லத்தீபா. தெரியாம வச்சுட்டா.”

அவன் சிரித்தமாதிரி இருந்தது. “மதினிக்கு என் சலாம் சொல்லுங்க.”

கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி நின்றான். கீழே வைக்க இடம் இருந்தது. அவன் சொல்லாமல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. படிக்குக் கீழே பலகையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். கனம் இழுக்க, அதை ஒருமுறை ஏற்றிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை அவன் கைலிக்குப் பின்னாலிருந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.