யார் எதை எடுத்தார்கள்

தடுப்பு இல்லத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் தெரிவு செய்வதென்றால் செலீனாவுக்கு மீன் வாங்குவது போலத்தான். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் பைக்குள் போடமாட்டாள். காதல் இருந்தால் வேண்டாம், கத்தி இருந்தால் வேண்டாம், வீட்டை விட்டு ஓடுகிறவர்கள் இருந்தால் வேண்டவே வேண்டாம். கழித்துக் கழித்து மிஞ்சியதை நூலகத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் பெட்டியில் கொண்டுபோவாள். படகு எஞ்சின் திருத்தும் புத்தகத்தில் காதலும் இல்லை, கத்தியும் இல்லை. அப்படித்தான் அது பெட்டிக்குள் வந்தது.

அதை எடுத்தவள் நசீறா. வாப்பாவின் தம்பியான சாச்சாவோடு இந்தியாவிலிருந்து களவாக மஞ்சள் மூட்டை ஏற்றி வரும்போது நடுக்கடலில் எஞ்சின் நின்று, கடற்படையிடம் பிடிபட்ட பதினாறு வயதுப் பிள்ளை. அடுத்த வாரமும் அதையே எடுத்தாள்.

புத்தகம் கொடுத்து முடிந்ததும் பொறுப்பாளர் சிவலட்சுமி தேத்தண்ணி கொடுப்பாள். யார் எதை எடுத்தார்கள் என்று கேட்பாள். தன் தெரிவை ஒருவர் மெச்சிக் கேட்கிறார் என்ற சந்தோசத்தில் செலீனா எல்லாம் சொல்லுவாள்.

"நசீறா திரும்பவும் எஞ்சின் புத்தகந்தான் எடுத்தவள், மேடம்."

"அப்பிடியோ?" என்றாள் சிவலட்சுமி. வாய்க்குப் போன கோப்பை பாதியில் நின்றது.

அடுத்த முறை செலீனா போனபோது நசீறா பெட்டிப் பக்கம் வரவில்லை. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளை வீட்டுக்கு அனுப்ப நீதவான் மறுத்துவிட்டார். விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருந்தது.

"எஞ்சின் ஏன் படிக்கிறாய், திரும்பவும் கடலுக்குப் போகவோ எண்டு நீதவான் கேட்டவர். நான் என்ன படிச்சனான் எண்டு அவருக்கு ஆர் சொன்னது, மிஸ்?"

"நான் குறை சொல்லேல்லை, பிள்ளை. நல்லாப் படிக்கிறாய் எண்டுதான்..."

"உங்கட சாமியார் ஆக்கள் வந்து சொல்லுற பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுப்போட்டு, நேரே தேத்தண்ணிக்குப் போய் எல்லாத்தையும் சொல்லுவாரோ?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். செலீனாவுக்குக் காது சுட்டது.

"சரி, அந்தப் புத்தகம் உனக்கு ஏன்?"

"இது நீங்கள் கேக்கிறியளோ, மேடம் கேக்கிறாவோ?"

உண்மையில் இரண்டாம் முறை நசீறா அந்தப் புத்தகத்தைத் தூக்கியபோதே, இவளுக்கு இது எதற்கு என்று செலீனாவை ஒரு முள் குத்தியிருந்தது. அதைத் தானே வைத்துக்கொண்டிருக்க மனமில்லாமல்தான் புகழ்ச்சி போலச் சிவலட்சுமியிடம் இறக்கி வைத்தாள். இப்போதும் அந்த முள் போகவில்லை. போகவில்லை என்பதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கும் சிவலட்சுமியின் தேத்தண்ணிக் கோப்பை நீண்டது.

"அவள் இண்டைக்கு என்ன எடுத்தவள்?"

"ஒண்டும் எடுக்கேல்லை."

"ஓ. அதுவும் நீதவானுக்குச் சொல்லவேண்டிய சங்கதிதான்."

எடுத்தாலும் குற்றம், எடுக்காவிட்டாலும் குற்றம். செலீனா கோப்பையைத் தொடாமல் எழுந்தாள்.

"இனி என்னட்டைக் கேக்காதேங்கோ, மேடம். நான் சொல்லமாட்டன்."

சிவலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்? அவள் உமக்கு ஏதும் சொன்னவளோ?"

அடுத்த வியாழன் வாசலில், அதுவரை ஒருநாளும் சோதிக்காத காவல்காரி செலீனாவின் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினாள். செபமாலை, சீப்பு, பிரஷர் குளிசை, கடித்து மிச்சம் வைத்த பிஸ்கட். ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகில் பிடித்து உதறினாள். மறைக்க எதுவும் இல்லாதபோதும் செலீனா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிள்ளைகள் நின்றார்கள். முன்னால் நசீறா. அவள் சிரிக்கவில்லை.

உள்ளே போய்ப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, செலீனா மற்றப் பக்கம் திரும்பி நின்றாள்.

"எடுங்கோ பிள்ளையள். நான் பாக்கேல்லை."

"மிஸ்." நசீறாவின் குரல்.

"ம்?"

"முன்னால இருக்கிற அலுமாரிக் கண்ணாடியில உங்களுக்கு எல்லாம் தெரியும். கண்ணை மூடுங்கோ."

மூடினாள்.

"இறுக்கி."

இன்னும் இறுக்கினாள். செருப்பில்லாத கால்கள் மேசையை நெருங்கின. புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் நகர்ந்தன. தடித்ததா மெல்லியதா, எஞ்சினா வேறேதுமா என்று காது தானாகவே கூர்மையானது. செலீனா இரண்டு கைகளாலும் காதுகளையும் பொத்திக்கொண்டாள்.