கனம் பார்த்து வாங்கிய டிஸ்க்

பழைய ஹார்ட் டிஸ்க் நேற்றிலிருந்து டிக் டிக் என்று அடித்தது. கொத்தனாருக்கு அது தன் நெஞ்சுக்குள்ளேயே அடிப்பது போலிருந்தது. பத்தொன்பது வருடமாக அவர் கட்டிய சுவர்களெல்லாம் அதற்குள் இருந்தன. பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைப் பிடித்து ஃபோட்டோ எடுத்துவிடுவார். உள்ளே குழாய் எங்கே, வயர் எங்கே என்று பின்னால் யார் கேட்டாலும் சொல்லலாம்.

நாளைக் காலையில் அப்படி ஒரு சுவரில்தான் அவர் மனைவியின் தம்பி துளை போடப்போகிறான். எலக்ட்ரீஷியன். சுவருக்குள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் மெயின் லைன். ஒரு நிமிஷம்கூட அணைக்க விடமாட்டார்கள். மாமாவிடம் படம் இருக்கிறது என்ற தைரியத்தில் வேலையை ஒத்துக்கொண்டுவிட்டான். டிஸ்க்கோ, இன்னொரு முறை ஓட்டினால் தாங்குமா என்றே தெரியவில்லை. புதியது ஒன்று வாங்கி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது என்று கொத்தனார் கிளம்பினார்.

கம்ப்யூட்டர் கடைப் பெண் இரண்டு டிஸ்க்கை எடுத்து வைத்தாள்.

"வேற வேற கம்பெனில ஒண்ணு ஒண்ணு வாங்குங்கண்ணே. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு இருக்கும். ரெண்டையும் ஒரே வீட்ல வைக்காதீங்க."

கொத்தனார் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, காலி தீப்பெட்டியாட்டம் இருக்கு?"

"கனத்துல என்னண்ணே இருக்கு? வாரன்டியைப் பாருங்க."

அவருக்கு மனசு ஒப்பவில்லை. செங்கல்லோ சுத்தியலோ, கை சொல்வதைத்தான் இத்தனை வருடமும் நம்பியிருக்கிறார். வெளியே நடைபாதைக் கடையில் இரும்புப் பெட்டி போட்ட ஒன்று கிடந்தது. பதினாறு டெராபைட் என்று எழுதியிருந்தது. தூக்கினார், கை இறங்கியது. விரல் மடக்கித் தட்டினார். கிண்ணென்றது. வாங்கிவிட்டார்.

"டிஸ்க் வாங்கச் சொன்னா எடைக்கல்லத் தூக்கிட்டு வர்றீங்களே மாமா!" என்று மச்சினன் சிரித்தான்.

"வாயை மூடிட்டு மாட்டு மாப்ள. எல்லாத்தையும் அடியிலேர்ந்து வரிசையா ஏத்து."

மூன்று மணி நேரம் ஓடியது. டிக் சத்தம் வர வர நெருக்கமாகக் கேட்டது. முன்னால் வைத்த டீயைக் கொத்தனார் தொடவில்லை. ஒருவழியாக ஏறி முடிந்தது. மச்சினன் திறந்து பார்த்தான். முதல் சில படங்கள் வந்தன. அதற்கப்புறம் எல்லாம் வெறும் சாம்பல் கட்டம்.

"மாமா, மத்தது ஒண்ணும் வரல."

ஸ்க்ரூவைக் கழற்றினான். உள்ளே பசை போட்டு ஒட்டிய இரண்டு பெரிய நட்டு. நடுவில் நகம் அகலத்துக்கு ஒரு மெமரி கார்டு; சில படங்களுக்கு மேல் அதில் இடமில்லை.

"நம்ம சென்ட்ரிங் பலகைல முடுக்குற நட்டு மாமா. நல்ல கனம்தான்."

கொத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பழசுலேர்ந்து அந்தச் சுவரை மட்டும் எடு. உன் ஃபோன்லயே ஏத்து. மத்தது எக்கேடோ கெடட்டும்."

ஏழு படம். ஒன்று வந்தது. இரண்டு. மூன்றாவதில் டிஸ்க் கரகரவென்று இழுத்தது. நான்கு. ஐந்து. டிக் நின்றது. டிஸ்க்கின் சின்ன விளக்கும் அணைந்தது.



மச்சினன் நான்காவது படத்தைப் பெரிதாக்கினான். லைன் நேராக இறங்கவில்லை. இரண்டரை அடியில் இடதுபக்கம் வளைந்து போயிருந்தது. டேப்பின் நுனியைப் பிடித்திருந்தது அவனுடைய கைதான். பழைய வாட்ச்கூடத் தெரிந்தது.

"நேராத்தான் இறங்குதுன்னு நெனச்சேன் மாமா. அந்த வளைவுலயே போட்டிருப்பேன்."

கொத்தனார் செத்த டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். ரிப்பேர்க்காரன் எதையாவது மீட்டால் உண்டு. கடை மூடுவதற்குள் இருவரும் போனார்கள். அந்தப் பெண் மறுபடியும் அதே இரண்டையும் எடுத்து வைத்தாள். கொத்தனாரின் கை தானாக நீண்டது. கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"வாரன்டி எத்தனை வருஷம்மா?" என்றார்.